போதகர் வீட்டுப் பிள்ளை



நானும் ஒரு ஊழியக்காரரின் மகள்தான். வீட்டில் அரிசி இல்லாவிட்டாலும் சபையாருக்கு முன்னால சிரிச்ச முகமா நிக்கணும் என்று வளர்க்கப்பட்டவள். ஆகவே பெட்டி பாரிஸ் என்கிற சிறுபிள்ளையின் சரித்திரத்தை என்னால் லேசாய்த் தாண்டிப்போக முடியவில்லை.

அமெரிக்காவிலே மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் சேலம் கிராமம். 1689-ல் அங்கே போதகரானவர் பெட்டியின் தகப்பன் சாமுவேல் பாரிஸ். அவர்கள் பியூரிட்டன் மார்க்கத்தார். குடும்ப ஜெபம், வேத வினாவிடை, ஓய்வுநாளில் நீண்ட பிரசங்கங்கள், இதுதான் அந்த வீட்டுப் பிள்ளைகளின் உலகம். சபைக்குள்ளோ சண்டை. 1691 கடைசியில் போதகருக்குச் சம்பளம் நின்றது. குளிர்காலத்துக்கு விறகும் குறைந்தது. சாத்தான் சபைக்கு விரோதமாய் எழும்பியிருக்கிறான் என்று அப்பா பிரசங்கிக்கிறார். பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானே இருக்கும்!

1692 ஜனவரியில் 9 வயது பெட்டியும், கூட வளர்ந்த உறவுக்காரச் சிறுமி அபிகாயிலும் அலறி, உடம்பை முறுக்கிக்கொண்டு விழுந்தார்கள். பார்த்த வைத்தியர், இது பொல்லாத கிரியை என்றார். போதகர் உபவாசித்து ஜெபித்தார். இதுவரைக்கும் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நானும் அதைத்தான் செய்வேன். பிசாசு உண்டு, விடுதலையும் உண்டு, கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

பிறகு பெரியவர்கள் கேட்டது, "உனக்கு இதை யார் செய்றாங்க?" என்று. பிள்ளைகள் பேர் சொன்னார்கள். முதல் மூன்று பேரில் ஒருத்தி, அதே வீட்டில் அடிமையாய் வேலை செய்த டிட்டுபா. கொஞ்ச நாளில் சபையிலே நற்சாட்சி பெற்ற 71 வயது ரெபேக்கா நர்ஸ் அம்மாளின் பேரும் வந்தது. மார்ச் 27-ல் போதகர் யோவான் 6:70-ஐ எடுத்துப் பிரசங்கித்தார். ரெபேக்காவின் தங்கை எழுந்து வெளியே போய்விட்டார். ஜூலை 19-ல் ரெபேக்கா தூக்கிலிடப்பட்டார். மொத்தம் 19 பேர் தூக்கில். ஒருவர் கல் ஏற்றி நசுக்கப்பட்டார். "அவங்க உருவம் எனக்குத் தெரிஞ்சது" என்பதே நியாயஸ்தலத்தில் சாட்சியாய் எடுக்கப்பட்டது.

பெட்டி பொய் சொன்னாளா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை பட்ட வேதனை நிஜம். ஆனால் வேதனை நிஜம் என்பதால் அது காட்டுகிற ஆளும் நிஜம் ஆகிவிடுமா? நம்மிடத்திலும், "சிஸ்டர், உங்க சொந்தத்துல ஒருத்தங்கதான் செய்திருக்காங்க, கர்த்தர் காட்டினார்" என்று சுலபமாய்ச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்புறம் இரண்டு குடும்பம் ஆயுசுக்கும் பேசுவதில்லை. வெளிப்பாடு வந்தால் மற்றவர்கள் நிதானிக்கவேண்டும் என்று 1 கொரிந்தியர் 14:29-ல் இருக்கிறதே, அதை யார் செய்கிறோம்? நிதானிக்கச் சொன்னால் ஆவியானவரைத் தடுக்கிறாய் என்கிறார்கள்.

குற்றத்தை 9 வயதுப் பிள்ளைமேல் சுமத்த நான் ஆயத்தமில்லை. "நீ எதுக்கு பயப்படுறே கண்ணு?" என்று மடியில் வைத்துக் கேட்கவேண்டிய இடத்தில், பேர் கேட்டார்கள். அந்தப் பெரியவர்களே கணக்கு ஒப்புவிக்கவேண்டியவர்கள்.

இன்னொன்றும் என்னைக் குத்துகிறது. பாரிஸ் தன் மகளைச் சீக்கிரமே சேலம் பட்டணத்தில் ஸ்டீபன் சீவல் என்பவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சத்தமில்லாத அந்த வீட்டில் காலப்போக்கில் அவள் சுகமானாள். சிறையிலிருந்த டிட்டுபாவுக்கோ, சிறைக் கட்டணத்தைக்கூட அவர் கட்டவில்லை.

பேர் சொன்ன பெண்களில் ஆன் பட்னம் 1706-ல் சபை நடுவே எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். பெட்டி 1710-ல் கல்யாணம் பண்ணி, பிள்ளைகளைப் பெற்று, 1760-ல் மரித்தாள். அவள் பிள்ளைகளும் ஏதாவது ஒரு ராத்திரி அலறி எழும்பியிருக்குமே. அப்போ அந்தத் தாய் என்ன கேட்டிருப்பாள்?