பக்கத்தில் இருப்பவர்

நீரிழிவு, ரத்தக்கொதிப்பு, இதயச் செயலிழப்பு எல்லாம் வந்தால் போகாத நோய்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை சில நிமிடம் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும் நோயாளி, மற்ற நாளெல்லாம் நோயோடு தனியாகத்தான் இருக்கிறார். வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு நிறுத்தாமல், பக்கத்திலிருந்து கவனிப்பவரையும் மருத்துவத்தின் ஓர் அங்கமாகச் சேர்க்கிறார். தொலைமருத்துவம் அந்த நான்காமவரின் இடத்துக்கு வரமுடியுமா? ஒருவர்மேல் பொறுப்பேற்க உடல் அருகாமை வேண்டுமா என்ற பழைய அறக்கேள்விதான் இது. பொறுப்பேற்ற மனிதர் ஒருவர் மறுமுனையில் இருந்தால் முடியும் என்பதே என் வாதம்.

இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளைப் பாருங்கள். 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பதிவுசெய்த குரல் தினமும் கேள்வி கேட்டது; நோயாளிகள் தொலைபேசிப் பொத்தானை அழுத்திப் பதில் சொன்னார்கள். பதில்களை மருத்துவமனையினர் பிறகு பார்த்தார்கள். மரணமும் குறையவில்லை, மறு அனுமதியும் குறையவில்லை. ஆறு மாதத்துக்குள் பலர் அழைப்பதையே விட்டுவிட்டார்கள். 2018-இல் வெளியான ஜெர்மன் ஆய்விலோ எடை, ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி. எல்லாம் தினமும் பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனைக்குப் போயின. அங்கே மருத்துவர்களும் செவிலியர்களும் 24 மணி நேரமும் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடம் ஆண்டுக்கு நூற்றுக்கு 11 என்ற அளவில் இருந்த மரணம், இவர்களிடம் 8-க்கும் கீழே இருந்தது. இரண்டு ஆய்வுகளுக்கும் வேறு வேறுபாடுகளும் உண்டு. ஆனாலும் ஓரிரு நாளில் எடை கிடுகிடுவென ஏறினால் உடலில் நீர் கோக்கிறது என்று உணர்ந்து, அன்றே மாத்திரையை மாற்றச் சொல்ல ஓர் ஆள் இருந்ததை நான் சிறிதாக எண்ணவில்லை.

தொடாமல் மருத்துவமா என்று கேட்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சர்க்கரையால் மரத்துப்போன காலின் விரலிடுக்கில் புண் வந்தால் வலிக்காது; வலிக்காததை நோயாளி திரையில் சொல்லவும் மாட்டார். செருப்பைக் கழற்றச் சொல்லிக் குனிந்து பார்க்க ஒருவர் வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டு வாசலிலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். தூரத்து மருத்துவருக்குக் கையாக இருக்கக்கூடியவர்கள் இவர்கள்தான். இதைவிடக் கனமான மறுப்பு இன்னொன்று: தினமும் அளந்து அனுப்பும் மனிதருக்குத் தன் வாழ்க்கையே நோயாகிவிடாதா? ஆகும். அதனால்தான், இன்று அளக்கப் பிடிக்கவில்லை என்று அவர் சொல்லும்போது கடிந்துகொள்ளாமல் காரணம் கேட்கிற குரல் மறுமுனையில் வேண்டும். அந்தக் குரலுக்கான சம்பளத்தை மிச்சம் பிடிக்கவே கருவியை வாங்கும் மருத்துவமனை, நோயாளியை முன்பைவிடத் தனியாக விடுகிறது.