குழியானையும் குழந்தையும்: அறிவு வேட்கை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான வீட்டு வளவுகளில், மழை நனைக்காத தாழ்வார ஓரங்களில், புனல் வடிவான சிறு குழிகள் காணப்படும். ஒவ்வொன்றின் அடியிலும் மறைந்திருப்பது குழியானை. பாட்டனுடன் வளவைச் சுற்றிவரும் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி எறும்பொன்றைப் பிடித்துக் குழியுள் இடுகிறாள் எனக் கொள்வோம். எறும்பு மேலேற முயல்கிறது. கீழிருந்து எறியப்படும் மணலாற் சறுக்கி வீழ்கிறது. கூரிய தாடைகளிற் சிக்கி மறைகிறது. சிறுமி வியப்பு மேலிட அடுத்த எறும்பைத் தேடுகிறாள். பாட்டன் செய்யத்தக்கது யாது? அவள் கையைத் தடுப்பதா, வியப்பிற் பங்குகொள்வதா?

விலங்குகளுக்கு மனிதன் நேரடியாகக் கடமைப்பட்டவன் அல்லன் என்பது இம்மானுவேல் கான்ட் கொண்ட முடிபு. ஆயினும், விலங்கை வதைப்பவன் நாளடைவில் மனிதரிடத்தும் கல்நெஞ்சனாவான் என்பதனால் அவர் கொடுமையை விலக்கினார். ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1751 இல் வெளியிட்ட ‘கொடுமையின் நான்கு படிநிலைகள்’ என்னும் சித்திரத் தொடரும் சிறுவர் விலங்குகளை வதைப்பதில் தொடங்கிக் கொலை வரை செல்கிறது. இந்நோக்கில் கவலை சிறுமியைப் பற்றியதே, எறும்பைப் பற்றியதன்று. அருளுடைமைக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த திருக்குறளோ அவ்வுயிரையே அருளுக்கு உரியதாக்குகிறது. எறும்பு நோவை உணருமா என்பது இன்றும் முடிவுகாணப்படாத வினா. ஐயமுள்ள இடத்து அருளின் பக்கம் சாய்வதே தக்கது.

குழியானை செய்வது கொடுமையன்று. அதற்கு வேறு வாழ்வு இல்லை. எறும்பை இட்ட கைக்கோ வேறு வழி உண்டு. அவ்வழி காத்திருத்தலாகும். தானாக வந்து வீழும் எறும்புக்காகக் குழியருகே அமர்ந்திருக்கும் குழந்தை, பின்னோக்கி நகர்ந்தே அப்பூச்சி குழி தோண்டுவதையும், சாறு உறிஞ்சியபின் வெற்றுடலை வெளியே எறிவதையும் காண்பாள். மணலுருண்டை போன்ற கூட்டினுள் உருமாறி, தும்பியையொத்த மென்சிறகுகளுடன் அது வெளிவருவதையும் ஒருநாள் அறிவாள். பொறுமை அறிவைக் குறைப்பதில்லை, பெருக்குகிறது.

இதனினும் கடிய வினா ஒன்றுண்டு. புத்தளம் மாவட்டம் தென்னை முக்கோணத்தின் ஒரு பகுதி. இளந்தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டைக் கம்பியாற் குத்தி எடுக்கும் பாட்டனிடம், “எறும்பை விடச் சொன்னீர்கள், வண்டை மட்டும் ஏன் கொன்றீர்கள்?” என்று அவள் கேட்பாள். ‘அது கெட்ட பூச்சி’ என்பது விடையாகாது. வண்டு தீமை அறியாது. மரத்தைக் காக்கவே கொன்றேன் என்று தன் தேவையைத் தன்னதாகவே ஒப்புக்கொள்வதே நேர்மை.

ஆனால் தேவை என்னும் சொல் எளிதில் விரியும். ஆதலின் அதனைச் சுருக்கும் கடமையும் அவருக்குண்டு. வண்டு முட்டையிடும் உக்கிய தென்னங்குற்றிகளை அகற்றுபவரும், நுளம்பு பெருகும் சிரட்டை நீரைக் கவிழ்ப்பவரும் பின்னர்க் கொல்லவேண்டிய தேவையைக் குறைக்கின்றனர். இலங்கை மலேரியா அற்ற நாடென 2016 இல் உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டதில், நுளம்பின் வாழ்வை நுணுகி அறிந்தோர் பங்கு பெரிது.

ஆகவே அறிவு வேட்கை அருளுக்குப் பகையன்று. வேடிக்கைக்காக வருத்துவதும் தேவைக்காகக் கொல்வதும் வேறென்பதைக் குழந்தை அறிதல் வேண்டும். அந்தத் தேவையையும் அவள் வினாவுக்கு உட்படுத்தப் பெரியோர் இடமளித்தல் வேண்டும். குழியருகே குனிந்திருக்கும் அவ்விருவருள் கற்பவர் சிறுமி மட்டும் அல்லர்.