புதையலும் ஊழும்

ஏர்முனையில் தட்டுப்படும் பழம்பொன் தற்செயலாய்க் கிடைத்ததா, ஊழ் கூட்டியதா என்னும் வினாவை ஆராய, தென்னிந்தியாவில் ரோமானியக் காசுகள் வெளிப்பட்ட தொடக்ககால நிகழ்ச்சி ஒன்றே போதுமானது. 1780களில் நெல்லூரை அடுத்த கற்குன்றுச் சரிவில் உழுத குடியானவர் ஒருவரின் ஏர் செங்கற்கட்டில் தடைபட, தோண்டிய இடத்தில் சிறுகோயில் ஒன்றின் இடிபாடும், அதனடியில் டிராஜன், ஹாட்ரியன் முதலியோர் காலத்துப் பொற்காசுகள் கொண்ட கலயமும் கிடைத்ததாகச் சென்னையின் ஆளுநர் பொறுப்பை வகித்த அலெக்சாண்டர் டேவிட்சன் எழுதியுள்ளார். பழைய தங்கமென விற்கப்பட்ட அவற்றுள் பல உருக்கப்பட்டுவிட, முப்பதுக்குச் சற்று மேற்பட்டவற்றையே ஆர்க்காட்டு நவாபின் மகன் அமீர்-உல்-உமரா மீட்டார்.

ரோமானியர் ஆண்ட பிரித்தானியாவில் வயல்களிலிருந்து பேரரசர் பெயர் பொறித்த ஈயப் பாளங்கள், அதாவது உருக்கி வார்த்த உலோகக் கட்டிகள், வெளிப்படுகின்றன. இந்தியத் துறைகளிலும் செம்பும் ஈயமும் இறங்கியதைக் கிரேக்க வணிகக் கையேடான ‘பெரிப்ளுஸ்’ கூறினும், இங்கு மண்ணுக்குள் மிஞ்சியவை பெரும்பாலும் காசுகளே. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகம் உளியால் வெட்டப்பட்டுள்ளது.

மரம் நடக் குழி தோண்டியவன் புதையல் காண்பதைத் தற்செயலுக்கு எடுத்துக்காட்டாக அரிஸ்டாட்டில் கூறினார். 6ஆம் நூற்றாண்டில் சிறையிலிருந்து எழுதிய போயிதியஸ் அதனை விரித்து, புதைத்தவனும் தோண்டியவனும் தத்தம் நோக்கத்துடனேயே செயற்பட்டனர், எதிர்பாராதது அவ்விரு செயல்களின் சந்திப்பு மட்டுமே, அச்சந்திப்பும் இறைவனின் ஒழுங்குக்கு உட்பட்டதே என்றார். வள்ளுவர் பேசும் ஊழோ, செல்வம் சேர்வதையும் அழிவதையும் உயிர் முன்செய்த வினையின் முறைமையோடு பொருத்துகிறது. இவ்விளக்கம் ஆழமானது, எனினும் அதன் பார்வை பெறுபவன்மீதே நிலைப்பதால், வைத்தவன் மறைந்துபோகிறான். நெல்லூர்க் கலயம் கருவறைக்கு அடியில் பொன்னும் மணியும் இட்டுப் புதைக்கும் கர்ப்பந்நியாசமாக இருந்திருப்பின், அது தொலைந்த பொருளே அன்று, இறைவனிடம் ஒப்படைக்கப்பட்டது. அச்சத்தால் ஒளித்த சேமிப்பாயின், மீண்டு வராத ஒருவரின் நம்பிக்கை. இவ்விரண்டில் எது என்பதைக் காசு தனித்து நின்று சொல்லாது. அது கிடந்த இடமும், கலயமும், செங்கல் அடுக்கும் சேர்ந்தே சொல்லும்.

கண்டெடுத்தவனுக்கு ஆறில் ஒரு பங்கை அர்த்தசாத்திரம் வகுத்தது; உரிமையாளர் அறியப்படாத புதையலில், வேறு உடன்பாடு இல்லையெனில், முக்கால் பங்கைக் கண்டவருக்கும் கால் பங்கை நிலத்துக்கு உரியவருக்கும் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் அளிக்கிறது. இப்பங்கீடுகள் விலையை மட்டுமே பிரிக்கின்றன. போயிதியஸ் சுட்டிய இரு நோக்கங்களில் ஒன்று, காசு உலையில் இடப்பட்ட கணத்திலேயே அழிந்துவிடுகிறது; அதனைக் காக்கும் கடமை கண்டெடுத்தவரையே சாரும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் அதன் தன்மையோடு, கிடைத்த இடத்தையும் நாளையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று அதே சட்டம் விதித்திருப்பது, பங்கு பற்றிய பிரிவுகளைவிட அறத்துக்கு நெருக்கமானது.