கரண்ட் வந்த பிறகு செத்த மீன்கள்

இன்னைக்குக் கொஞ்சம் வேற விஷயம். வீட்டுல கடல் மீன் தொட்டி வச்சிருக்கிறவங்க இதைக் கடைசி வரைக்கும் படிங்க. வைக்காதவங்களும் படிக்கலாம். ஒரு உயிர் நம்ம கையால போகும்போது மனசு என்னென்ன கணக்குப் போடுதுன்னுதான் எழுதப் போறேன்.

2023 டிசம்பர்ல வந்த மிக்ஜாம் புயலை சென்னைக்காரங்க மறந்திருக்க மாட்டீங்க. எங்க வீடு வேளச்சேரி பக்கம், முதல் மாடி. டிசம்பர் 4, திங்கட்கிழமை விடியக்காலையில கரண்ட் போச்சு. கீழே தெருவுல இடுப்பளவு தண்ணி. ஹால்ல என்னோட 4 அடி தொட்டி, ஏறக்குறைய 250 லிட்டர் உப்புத் தண்ணி. அதுல 7 மீன்கள்: ஒரு ஜோடி க்ளௌன், நாலு பச்சை க்ரோமிஸ், ஒரு மஞ்சள் கோபி. மூணு வருஷமா ஒண்ணு ஒண்ணா சேர்த்தது.

கடல் மீன் வளர்க்கிறவங்களுக்குத் தெரியும், உப்புத் தண்ணியில ஆக்சிஜன் கரையறதே கம்மி. மோட்டார் நின்னா தண்ணி அசையாது, தண்ணி அசையலைன்னா மேல்மட்டத்துல காத்து கலக்காது. பேட்டரியில ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு இருந்துச்சு, அது அன்னைக்கு ராத்திரியே தீர்ந்துடுச்சு. அப்புறம் கைதான். குளிக்கிற மக்கால தண்ணியை மொண்டு ஒரு முழம் உயரத்துல இருந்து திரும்ப ஊத்தணும். நான், தங்கச்சி, அம்மா மூணு பேரும் முறை போட்டு ஊத்தினோம். பாட்டிகூட மெழுகுவர்த்தியைப் பிடிச்சுக்கிட்டு, "மனுஷனுக்கே குடிக்கத் தண்ணி இல்ல, இதுங்களுக்கு அபிஷேகமா பண்றீங்க"ன்னு திட்டிக்கிட்டே பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. புயலால குளிர்ச்சியா இருந்தது நல்லதாப் போச்சு. ஏப்ரல்ல நடந்திருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் கரண்ட் வந்துச்சு. ஏழு மீனும் உயிரோட இருந்துச்சு. "முருகா, காப்பாத்திட்டே!"ன்னு கத்திக்கிட்டே போய் தொட்டியோட மெயின் ஸ்விட்சைப் போட்டேன். லைட் வந்துச்சு, மோட்டார் ஓடுச்சு, தொட்டிக்குக் கீழே இருக்கிற கேனிஸ்டர் ஃபில்டரும் ஓட ஆரம்பிச்சுச்சு. குழாயில இருந்து முதல்ல கொஞ்சம் பழுப்புத் தண்ணி வந்துச்சு. அழுகின முட்டை வாசம் அடிச்சுச்சு. தெருவே சாக்கடையா நாறிக்கிட்டு இருந்த நேரம், அதுதான் ஜன்னல் வழியா வருதுன்னு நினைச்சேன்.

ஒரு மணி நேரத்துல க்ரோமிஸ் நாலும் மேல வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்குச்சு. பெரிய க்ளௌன் பக்கவாட்டுல சாஞ்சு சுத்துச்சு. ராத்திரி பத்து மணிக்குள்ள ஆறு போயிடுச்சு. சின்ன க்ளௌன் மட்டும் ஏர் ஸ்டோன் குமிழிக்குப் பக்கத்துல ஒண்டிக்கிட்டு இருந்துச்சு.

புதைக்க வெளிய இடம் இல்ல. பால்கனியில இருந்த அம்மாவோட செம்பருத்தித் தொட்டியில புதைச்சேன். அப்போ பாட்டி வந்து என் தலையைத் தடவி, "அழாதே கண்ணு, நம்ம குடும்பத்துக்கு வர இருந்த கண்டத்தை அதுங்க வாங்கிக்கிச்சு. இவ்வளவு வெள்ளத்துலயும் நமக்கு ஒரு கீறல் விழல பாரு"ன்னு சொன்னாங்க.

நம்ம ஊர்ல மீன் தொட்டி வச்சிருக்கிற எல்லாரும் கேட்ட வார்த்தைதான் இது. வீட்டு மேல விழுற திருஷ்டியை மீன் வாங்கிக்கும்பாங்க. எனக்கு அன்னைக்கு அது பெரிய ஆறுதலா இருந்துச்சு. ரெண்டு வாரம் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கினேன்.

அப்புறம் கொளத்தூர்ல நான் வழக்கமா மீன் வாங்குற கடைக்காரர் அண்ணனுக்கு, உப்பு வாங்குறதுக்காக போன் பண்ணேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, கரண்ட் வந்ததும் கேனிஸ்டரைத் திறந்து கழுவிட்டுப் போட்டீங்களா, அப்படியே போட்டீங்களா?"

அப்படியேதான் போட்டேன்.

விஷயம் இதுதான். ஃபில்டருக்குள்ள இருக்கிற நல்ல பாக்டீரியாதான் மீன் கழிவுல இருந்து வர்ற அம்மோனியாவை மாத்தித் தண்ணியைக் காப்பாத்துது. அதுங்களுக்கும் ஆக்சிஜன் வேணும், ஓடுற தண்ணிதான் அதைக் கொண்டுவந்து கொடுக்குது. மூடின டப்பாவுக்குள்ள தண்ணி நின்னா சில மணி நேரத்துல ஆக்சிஜன் தீர்ந்து அதுங்க சாக ஆரம்பிக்கும். ஆக்சிஜன் இல்லாம வாழுற வேற பாக்டீரியா பெருகும். அதுங்க உண்டாக்குறதுதான் ஹைட்ரஜன் சல்பைடு, அந்த அழுகின முட்டை வாசம். அது கலந்தா தண்ணியில ஆக்சிஜன் இருந்தாலும் மீனோட உடம்பால அதைப் பயன்படுத்த முடியாது. கூடவே அம்மோனியா. கடல் தண்ணியோட காரத்தன்மையில அம்மோனியாவோட விஷம் இன்னும் கூடும். ரெண்டரை நாள் டப்பாவுல ஊறின அத்தனையையும் நான் ஒரு ஸ்விட்சுல தொட்டிக்குள்ள அனுப்பியிருக்கேன். மூடியைத் திறந்து, பழைய தண்ணியைக் கொட்டி, உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சையும் கல்லையும் உப்புத் தண்ணியில அலசிட்டுப் போட்டிருந்தா மொத்தம் இருபது நிமிஷ வேலை.

அன்னைக்கு ராத்திரி பாட்டி சொன்னது என்கிட்ட நிக்கல. அந்த மீன்கள் எங்க கண்டத்தை முன்வந்து வாங்கிக்கல. அதுங்களுக்கு எங்க குடும்பம்னே ஒண்ணு இருக்கிறது தெரியாது. காப்பாத்தினப்போ "முருகா"ன்னு சொன்ன வாய், செத்தப்போ "எல்லாம் அவன் சித்தம்"னு சொல்லி என் விரலை மறைச்சுக்கலாமா? சொல்லலாம், யாரும் தடுக்கப் போறதில்ல. ஆனா அப்படிச் சொல்லியிருந்தா அடுத்த மழைக்கும் அதே ஸ்விட்சை அப்படியேதான் போட்டிருப்பேன். பாட்டி மேல எனக்குக் கோபம் இல்ல. அவங்க சொன்னது எனக்காக, மீனுக்காக இல்ல. அழுற பேரனுக்கு ஒரு கிழவி வேற என்ன சொல்லுவா?

இதுக்கு நேர் எதிரா இன்னொரு குழியும் இருக்கு, அதுலயும் விழுந்தேன். "நான் ஒரு கொலைகாரன், எனக்கு மீன் வளர்க்கவே அருகதை இல்ல"ன்னு ரெண்டு மூணு நாள் சாப்பிடாம கிடந்தேன். அப்போ தங்கச்சி நல்லா ஒரு போடு போட்டா: "நீ இங்க படுத்து அழுறே, அந்தச் சின்னதுக்கு இன்னைக்குச் சாப்பாடு போட்டியா?" போடல. சுருக்குன்னுச்சு. என் குற்ற உணர்ச்சியிலயும் நான்தான் ஹீரோ. உயிரோட இருந்த மீன் அதுல ஒரு ஓரத்துலகூட இல்ல.

சித்தப்பா பையன் வேற கிண்டல் பண்ணான். "செவ்வாய், வெள்ளி, சஷ்டி போக மத்த நாள்ல வஞ்சிரம் வறுத்துத் தின்றே, இத்தனூண்டு மீனுக்கு அழுறியே"ன்னான். நியாயமான கேள்வி, நான் இன்னும் அதை யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்குத் தோணுறது இவ்வளவுதான்: வஞ்சிரம் பிடிபடுற வரைக்கும் அதுக்குன்னு ஒரு கடல் இருந்துச்சு. என் தொட்டி மீனுக்குக் கடல்னா அது என் ப்ளக் பாயிண்ட்தான். மூச்சு முதற்கொண்டு எல்லாத்தையும் நான் ஏத்துக்கிட்டேன். ஏத்துக்கிட்டவனுக்கு "எனக்குத் தெரியாது"ங்கிறது முழு மன்னிப்பாகுமா? பாதி ஆகும்னு நினைக்கிறேன். வாசம் என் மூக்குக்கு வந்துச்சே, ஒரு நிமிஷம் குனிஞ்சு பார்த்திருக்கலாம். அந்தப் பாதி என்னோடதுதான்.

இதைத் தோண்டப் போனா இன்னொண்ணும் வருது. நன்னீர் அலங்கார மீன்கள்ல பெரும்பாலானது பண்ணையில பிறந்தது. கடல் மீன்கள்ல பெரும்பாலானது இன்னும் கடல்ல இருந்து பிடிச்சுக்கிட்டு வர்றதுதான். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சில பேர் சயனைடு பீச்சிப் பிடிப்பாங்க, அந்த மீன் வாரக்கணக்குல கழிச்சு யாரோ ஒருத்தர் வீட்டுல காரணமே தெரியாம சாகும். அப்போ அந்தச் சாவு யார் கணக்கு? பிடிச்சவனோடதா, வித்தவனோடதா, அழகா இருக்குன்னு வாங்கின நம்மளோடதா? என் க்ரோமிஸ் எந்தக் கடல்ல பிறந்துச்சுன்னு நான் ஒருநாளும் கடையில கேட்டதில்ல. க்ளௌன் மீனை இப்போ குஞ்சு பொரிக்க வைக்கிறாங்க. நம்ம மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துலயே அதைச் செஞ்சிருக்காங்க. இனிமே வாங்கினா பண்ணையில பிறந்ததுதான்னு ஒரு முடிவு எடுத்திருக்கேன். அது போதுமான்னு கேட்டா, தெரியல.

திடீர்னு உங்க தொட்டியில மீன் செத்தா, அழுறதுக்கு முன்னாடி செத்ததை உடனே வெளியே எடுங்க. உடம்பு அழுக அழுக அம்மோனியா ஏறும், மிச்சம் இருக்கிறதையும் கொண்டுபோயிடும். அதே உப்பு அளவு, அதே சூட்டுல தயார் பண்ணின தண்ணியால கால்வாசியில இருந்து பாதி வரைக்கும் மாத்துங்க. காத்து விடுங்க. அப்புறம் உட்கார்ந்து அழுங்க. அப்புறம் என்ன நடந்துச்சுன்னு தேடுங்க, சங்கடமா இருந்தாலும் தேடுங்க.

அந்தச் சின்ன க்ளௌன் இப்போ நல்லா இருக்கு. அது ஆண். ஜோடியில இருக்கிற பெண் செத்தா, மிச்சம் இருக்கிற ஆண் கொஞ்ச மாசத்துல பெண்ணா மாறும், அது அந்த இனத்தோட இயல்பு. இப்போ செத்ததோட அளவுக்கே வளர்ந்திருக்கு. "பண்ணைக் குஞ்சு ஒண்ணு விட்டீங்கன்னா ஜோடி சேர்ந்துக்கும் தம்பி"ன்னு கடைக்கார அண்ணன் சொல்றார். இன்னும் வாங்கல.

தொட்டி ஸ்விட்சுக்கு மேல ஒரு அட்டை ஒட்டியிருக்கோம். அம்மா கையெழுத்து: "கரண்ட் போய் வந்தா முதல்ல கீழ் டப்பாவைக் கழுவு." போன மழையில ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்தப்போ எனக்கு முன்னாடி பாட்டி எழுந்து, பக்கெட்டை எடுத்துக்கிட்டு வந்து தொட்டிக்குக் கீழே குனிஞ்சுக்கிட்டு இருந்தாங்க.