சீட் கிடைச்சா அருள், கிடைக்கலைன்னா?



நீட் ரிசல்ட் வர்ற வாரம் எங்க உடையார்பாளையத்துல பல வீட்டுல கந்த சஷ்டி கவசம் கேக்கும். மெடிக்கல் சீட் கிடைச்சா "முருகன் கொடுத்தான்"னு ஸ்டேட்டஸ். கிடைக்கலைன்னா, "வேண்டுதல்ல ஏதோ குறை"ன்னு யாராவது சொல்லிடுறாங்க. இந்தப் பேச்சை என்னால ஏத்துக்க முடியல.

நம்ம அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தவர். முந்தின வருஷம் வரை தமிழ்நாட்டு இடங்களுக்கு அந்த மார்க்கை வச்சுத்தான் சேர்க்கை. 2017-ல் நீட் கட்டாயமாச்சு. அதில் அவருக்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போயும் சீட் இல்லை. செப்டம்பர் 1 அன்னிக்கு அவரை இழந்தோம். மாறினது மனுஷங்க போட்ட விதி. இதுல யாரோட பக்தி குறைஞ்சுது?

அதோட, சீட்டெல்லாம் எண்ணி வச்சது. எனக்குக் கொடுன்னு கேட்டா, இன்னொரு பிள்ளைக்கு வேண்டாம்னும் ஆகுதே! அதனால படிச்சது பரீட்சையில மறக்காம வரட்டும்னு மட்டும்தான் நான் கேக்குறேன். ஞானப்பழம் கிடைக்காத பிள்ளைதானே பழனியில நிக்கிறான்? அவனுக்குத் தெரியாதா அந்த வலி?

சீட் கிடைக்காத ஃப்ரெண்டுக்கு இன்னிக்கே போன் பண்ணுங்க. கவுன்சலிங், அடுத்த அட்டெம்ப்ட் எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல சாப்பிட்டியான்னு கேளுங்க.