பிரசவ அறையில் யார் நிற்கலாம்?

இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்டு மருத்துவமனைகளில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்த பிரசவக் கோளாறுகளை விசாரித்த டோனா ஓக்கண்டன், 2022இல் தந்த அறிக்கையில் ஒரு கண்டிப்பான விதியை வைத்தார். சிசுவின் இதயத்துடிப்பைப் பதியும் சிடிஜி தாளை வாசிக்கத் தொடர்ந்து பயிற்சி பெறாத எவரும் பிரசவ வார்டில் வேலை பார்க்கக் கூடாது. படித்ததும் தலையாட்டத்தான் தோன்றும். பஸ் ஓட்டுபவரிடம் லைசென்ஸ் கேட்கிறோம். இரண்டு உயிர்களை வைத்துக்கொண்டு நிற்பவரிடம் கேட்கக் கூடாதா?

அதே விதியை மதுரைச் சமவெளியில் வைத்துப் பார்த்தால் சங்கடம் தொடங்குகிறது. பேரையூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரவுப் பணியில் ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ். தொகுப்பூதியத்தில் சேர்ந்தவராகவும், அந்தப் பயிற்சி பெறாதவராகவும் இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. அந்தப் பெருமையில், மூன்று நர்சுகளை முறை வைத்து 24 மணி நேரமும் திறந்திருக்கும் இத்தகைய சிறு நிலையங்களுக்குப் பங்கு உண்டு. பயிற்சி இல்லாதவர் நிற்கக் கூடாது என்றால், இன்றிரவு வலியோடு வருகிறவரை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை.

அனுப்புவது பாதுகாப்பான முடிவு போலத் தோன்றும். "ஹார்ட் பீட் சரியில்ல, மதுரைக்குக் கொண்டுபோயிருங்கம்மா" என்று சொல்லி 108 வண்டியில் ஏற்றிவிட்டால், பொறுப்பும் வண்டியோடு போய்விடுகிறது. ஆனால் குலுங்கும் வண்டிக்குள் அந்தத் துடிப்பைக் கேட்க ஆளும் அரிது, வழியும் அரிது. எந்தத் துடிப்பு கவலை தந்ததோ, அதுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் எவர் காதிலும் விழாமல் கிடக்கிறது. விதியைக் காப்பாற்றிய கையோடு சிசுவைக் கைவிடுகிற நிலை இது. உண்மையிலேயே ஆபரேஷன் தேவைப்படும் தாயை அனுப்புவது வேறு. அச்சத்தால் அனுப்புவது வேறு. இரண்டையும் பிரித்தறியும் திறமைக்குத்தான் பயிற்சி என்று பெயர்.

பயிற்சி என்றதும் எல்லோர் கண்ணும் இயந்திரத்தின் மேல் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது வேறு. தானாக வலி வந்த, ஆரோக்கியமான தாய்க்குத் தொடர் சிடிஜி பரிந்துரைக்கப்படவில்லை. துடிப்பைக் கேட்க டாப்ளர் கருவியோ பினார்ட் குழலோ போதும். கருப்பை வாய் திறக்கும் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும். தொடர் சிடிஜி பிறந்த குழந்தைகளின் வலிப்பைப் பாதியாகக் குறைத்ததாக ஆய்வுகள் காட்டின. இது சின்ன விஷயமில்லை. ஆனால் சிசு மரணமோ மூளைவாதமோ குறைந்ததாகத் தெரியவில்லை, சிசேரியன் கூடியது. அதே 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்திய அளவில் 21.5. பழி முழுவதையும் இயந்திரத்தின் மேல் போட்டால் அநியாயம். ஆனாலும் தாளில் ஒரு பள்ளம் தெரிந்து, அதன் பொருள் தெரியாதபோது, ஆபரேஷன்தான் எல்லோருக்கும் நிம்மதியான விடையாகிவிடுகிறது.

நல்ல பயிற்சியில் கையும் காதும்தான் முதலில் பழக வேண்டும். வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து வலி ஏறுவதை உணர்வது. வலி தணிந்த பின்னும் டாப்ளரை எடுத்துவிடாமல் ஒரு நிமிடம் முழுக்க எண்ணுவது. எடுத்துவிட்டால், வலிக்குப் பின் மெதுவாக மீளும் துடிப்பு தப்பிவிடும். ஆபத்தின் முதல் தகவல் பல நேரம் அங்கேதான் இருக்கிறது. இடையில் தாயின் மணிக்கட்டையும் பிடித்துப் பார்க்க வேண்டும். சிசுவுக்கு 110 முதல் 160 வரை இயல்பு. வலியில் தாயின் நாடி 120ஐத் தொட்டால், அதையே பிள்ளையின் துடிப்பென்று இயந்திரம் பதிந்துகொண்டு போகும். தாள் சாதுவாக ஓடும். உள்ளே நிலைமை வேறாக இருக்கும்.

இலங்கைத் தமிழரான மகப்பேறு மருத்துவர் சபாரத்தினம் அருள்குமரன் தலைவராக இருந்த காலத்தில், 2015இல், சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு புதிய வழிகாட்டலை வெளியிட்டது. பிரசவத்தில் சிசுவுக்கு மூச்சு முட்டுவதற்கு மிக அதிகமான காரணம் அளவுக்கு மீறிய வலிதான் என்கிறது அது. நம் வார்டுகளில் 'குளுக்கோஸில் மருந்து போட்டு வலி ஏத்துறது' எவ்வளவு சகஜம்! பத்து நிமிடத்தில் ஐந்து முறைக்கு மேல் கருப்பை இறுகினால், இடையில் சிசு தேறிக்கொள்ள நேரமில்லை. அப்போது ட்ரிப்பின் உருளையைத் தள்ளி மூட வேண்டும், தாயை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். விரலால் ஆகிற வேலை. ஆனால் டாக்டர் ஏற்றிய ட்ரிப்பை நர்ஸ் நிறுத்தலாமா? நிறுத்தக் கூடாது என்ற பயம் இருக்கும்வரை, எத்தனை நாள் வகுப்பு நடத்தினாலும் அவருக்குத் தெரிந்தது சிசுவுக்கு உதவாது. பிரிஸ்டலின் சவுத்மீட் மருத்துவமனையில் டாக்டர்களும் பேறுகால செவிலியர்களும் ஒரே அறையில் சேர்ந்து பயின்றார்கள். பிராணவாயுக் குறைவால் மூளை பாதித்த குழந்தைகளின் விகிதம் அதன்பின் ஏறத்தாழ பாதியானதாக 2006இல் பதிவு செய்தார்கள். நர்ஸ் சொல்வதை டாக்டர் கேட்கவும், டாக்டர் முன் நர்ஸ் பேசவும் அங்கே பழகியிருக்க வேண்டும்.

ஆகவே ஓக்கண்டன் விதி சரியே. அது யாரைக் கட்ட வேண்டும் என்பதுதான் விவாதம். இரவில் தனியாக நிற்கும் நர்ஸை அது கட்டினால் கொடுமை. அவரை அங்கே நிறுத்திய நிர்வாகத்தைக் கட்டினால் நியாயம். பயிற்சிக்கு நர்ஸை அனுப்பினால் வார்டை யார் பார்ப்பது என்ற பதில் உடனே வரும். அப்படியானால் பயிற்சியையே வார்டுக்குக் கொண்டுவரலாம். பட்ட மேற்படிப்பு மருத்துவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டுமென்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. அவர்களில் சிலரைத் திருமங்கலத்துக்கும் மேலூருக்கும் பேரையூருக்கும் சில வாரம் அனுப்பி, நர்சுகளோடு ஒரே தாளைப் பார்க்க வைக்கலாம். இதில் ஒரு கடனும் அடையும். மதுரை மருத்துவக் கல்லூரியில் படிப்பவர்கள் துடிப்பை வாசிக்கப் பழகுவது இந்த ஊர்களிலிருந்து வரும் பெண்களிடம்தான். பழகிய பலரின் திறமை பிறகு தனியார் மருத்துவமனைகளுக்குப் போய்விடுகிறது.

இதெல்லாம் நடந்தாலும், பயிற்சி முடித்த நர்ஸை அடுத்த மாதமே எலும்பு முறிவு வார்டுக்கு மாற்றும் உத்தரவு வரலாம். பிரசவ அறையில் யார் நிற்கலாம் என்ற கேள்வியை அந்த உத்தரவில் கையெழுத்துப் போடுபவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.