வலியின் கடன்

போர் 2009இல் முடிந்தது. ஆனால் அது உடல்களில் விதைத்த வலி முடியவில்லை. காலிழந்தோருக்குச் செயற்கைக் கால் பொருத்துவதற்கென 1987இல் யாழ்ப்பாணத்தில் ஒரு ஜெய்ப்பூர் நிலையம் தோன்றிற்று. கால் கிடைத்தவர் நடந்தார். எலும்பருகே தங்கிவிட்ட குண்டுச் சிதறலுக்கும் இரவில் துடிக்கும் நரம்புக்கும் குளிசையே துணையாயிற்று.

வலியைத் தணிப்பது அறம். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அந்த ஆறுதலின் விலையைச் செலுத்துவது யார்?

அபினிலிருந்து பிறந்த மோர்பீன் ஈரலிலே உருமாறுகிறது. உருமாறியதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. அம்மருந்து இவ்வுறுப்புகளை நேரே அரித்துவிடுவதில்லை. ஆயினும் சிறுநீரகம் தளர்ந்தவரிடம் கழிய வேண்டியது இரத்தத்தில் தேங்குகிறது. நேற்று அளவாயிருந்தது இன்று மிகையாகிறது. மயக்கம் கூடுகிறது, மூச்சு மந்தமாகிறது. ஈரல் தளர்ந்தாலும் மருந்து உடலில் நெடுநேரம் நிற்கும்.

நாட்பட நாட்பட உடல் மருந்துக்குப் பழகிவிடும். பழைய அளவு போதாது. கொடீனும் பரசிற்றமோலும் கலந்த குளிசையை விழுங்குபவர் ஒன்றுக்கு இரண்டாகக் கூட்டுகிறார். வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளில் 4 கிராம் பரசிற்றமோலைத் தாண்டலாகாது. தாண்டினால் ஈரல் கெடக்கூடும். வலி அடங்காமல் டைக்குளோபினாக்கையும் நாடினால், அது சிறுநீரகத்தைத் தாக்கும். வெயிலில் வெங்காயத் தோட்டத்தில் நீரின்றி உழைக்கும் உடலுக்கு இக்கேடு இரட்டிப்பாகும்.

"அப்படியானால் இம்மருந்துகளையே தடுத்துவிடுவோம்" என்பர் சிலர். புற்றுநோயின் கடைசி நாள்களில் புழுவாய்த் துடிப்பவரின் கட்டிலருகே நின்று அவர்கள் இதைச் சொல்வார்களா? அவருக்கு மோர்பீனை மறுப்பது ஒழுக்கமன்று, கொடுமை. மருந்துக்குப் பழகிய உடலைக் கெட்ட குணமென்று தூற்றுவதும் அறியாமையே.

ஆனால் குளிசையைக் கையில் திணித்து, ஆண்டுக்கணக்கில் இரத்தத்தைச் சோதியாமல் விட்டுவிடுவது கருணையாகுமா? அதுவும் கைவிடலே, ஓசையில்லாத கைவிடல். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை, மெய்தான். ஆனால் வரிசையில் நிற்கும் கூலியாளின் அன்றைய கூலியை யார் கொடுப்பார்? கூலியை இழக்க முடியாதவர் சோதனையை இழக்கிறார். சமுதாயம் அவருக்குத் தரவேண்டிய கடனை அவரது ஈரலும் சிறுநீரகமும் அடைக்கின்றன.

19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அதே மண்ணில், இருவேறு குளிசைகளில் ஒரே மருந்து இருப்பதை அறியாமல் ஒருவர் இரண்டையும் விழுங்கலாமா? அவருக்கு விளங்கும் சொல்லில் அதை எடுத்துரைப்பதும் மருத்துவத்தின் பகுதியே.

2011இல் தெய்வேந்திரமுனைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே மக்கள் நடந்து நிதி திரட்டினர். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. ஒருவரின் வலி பலரின் பொறுப்பு என்பதை அந்தக் கால்கள் உணர்ந்திருந்தன. அளவறிந்து கொடுப்பது, சோதித்துப் பார்ப்பது, விளங்கச் சொல்வது, மறுநாளும் வந்து விசாரிப்பது: இவையெல்லாம் சேர்ந்ததே மருந்து. குளிசை அதில் ஒரு கூறு மாத்திரமே.